பதினேழு வினாடி முன்னேற்றம்

பிள்ளைகளின் உடல்திறனை வளர்த்து, வளர்ந்ததை அளந்து, அளந்ததை மேலிடத்துக்கு அனுப்பும் உயரிய பொறுப்பு எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைக்குப் பன்னிரண்டு தாள் படிவம். 212 பிள்ளைகள். ஆக 2,544 தாள்கள். அலுவலக உதவியாளனான நானே இரண்டு முறை எண்ணி, ஒரே கட்டாகக் கட்டினேன்.

விதி எளிது. ஆண்டுத் தொடக்கத்தில் நூறு மீட்டர் ஓட வேண்டும். முடிவில் மறுபடி ஓட வேண்டும். எத்தனை வினாடி குறைகிறதோ அத்தனை முன்னேற்றம். முன்னேறியவர்களே வெளிப் போட்டிக்குப் போகலாம்.

ஒரு பையன் முதல் தடவை நடுவழியில் நின்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டு 41 வினாடியில் வந்தான். அடுத்த தடவை 29. பன்னிரண்டு வினாடி முன்னேறிப் பள்ளியின் நட்சத்திர வீரன் ஆனான். அம்பு என்று எல்லோரும் கூப்பிடும் ஏழாம் வகுப்புப் பெண் முதலிலும் 14, முடிவிலும் 14. 'முன்னேற்றம் இல்லை, சிறப்புக் கவனம் தேவை' என்று அவள் படிவத்தில் ஏறியது.

"சார், பள்ளிக்கூடத்துலயே வேகமா ஓடுறது இவதான்," என்றார் விளையாட்டு ஆசிரியர்.

"இருக்கலாம். ஆனா வளரலியே," என்றார் மதிப்பீட்டு அதிகாரி.

"இதுக்கு மேல எங்க சார் வளர்றது?"

"அதை வீட்டுல முன்னாடியே யோசிச்சிருக்கணும். அந்தப் பையனோட அப்பா எவ்வளவு பொறுப்பா லேஸை அவுத்துவிட்டு அனுப்பியிருக்காரு பாருங்க."

ஒன்பதாம் விதிப்படி தொடக்க ஓட்டத்தை ஒருமுறை திரும்ப நடத்தலாம். ஆசிரியர் அம்புவை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"மெதுவா ஓடும்மா."

"எப்படி சார்?"

மூன்று ஒத்திகை நடந்தது. 15, 14, 14. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "போட்டிக்குப் போகணும் சார். ஆனா காலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

ஆசிரியர் சுற்றுமுற்றும் பார்த்தார். என் கையிலிருந்த படிவக் கட்டை வாங்கி அவள் கையில் வைத்தார். எடை பன்னிரண்டரைக் கிலோ.

"இதைத் தூக்கிட்டா ஓடணும்?" என்றார் அதிகாரி.

"கையில என்ன இருக்கக்கூடாதுன்னு விதியில இல்லையே சார்."

அதிகாரி புரட்டிப் பார்த்தார். இல்லைதான். அம்பு ஓடினாள்: 31. முடிவு ஓட்டம் ஏற்கெனவே 14. பதினேழு வினாடி முன்னேற்றம். அதுவரை யாரும் தொடாத உயரம்.

சனிக்கிழமை போட்டியில் அம்பு முதலாவதாக வந்தாள். நட்சத்திர வீரன் தன் பந்தயத்தில், பழக்கதோஷத்தால், நடுவில் குனிந்து லேஸ் கட்டினான். அதிகாரி அம்புவின் கையைக் குலுக்கிவிட்டு, அன்றைய நேரத்தையே அடுத்த ஆண்டின் தொடக்க அளவாக எழுதிக்கொண்டார்.

"அப்ப அடுத்த வருஷம், சார்?"

"ஒண்ணும் கவலைப்படாதம்மா, ஒன்பதாம் விதி இருக்கவே இருக்கு. பிள்ளைக்குப் பதினாறு தாளா ஆக்கச் சொல்லிட்டேன். கட்டு கனக்கக் கனக்க உனக்கு முன்னேற்றந்தான்."

பெற்றோர்கள் கைதட்டினார்கள். திங்கட்கிழமை காலையில் 43 பேர், வீட்டில் பிள்ளைகளை ஓடப் பழக்குவதற்குப் படிவக் கட்டு வேண்டும் என்று அலுவலக வாசலில் வரிசையில் நின்றார்கள். கிடங்கறையில் மிச்சமிருந்ததை எண்ணிக் கொடுத்தேன். எல்லோருக்கும் சம அளவுதான்.

என் பேத்திக்கு எடுத்து வைத்த கட்டில் மட்டும் ஐம்பது தாள் கூடுதல்.