நிந்தவூர் மாப்பிள்ளைக்கு ஓர் அலை

"உனக்கு இஞ்ச அலை இல்ல."

கலந்தர் இதைச் சொன்ன குரலில் கோபமே இல்லை. கடையில் "சீனி முடிஞ்சி" என்று சொல்வதுபோல்தான் சொன்னான். றினாஸுக்கு அதுதான் இன்னும் எரிந்தது. சீனி முடிந்தால் அடுத்த கடைக்குப் போகலாம். ஒன்றன்பின் ஒன்றாக அலை வந்துகொண்டிருக்கும் கடலில், பலகையில் குந்திக்கொண்டு ஒருவன் அலை இல்லை என்று சொன்னால் எங்கே போவது?

"அந்தா வருதே?"

"அது நளீமுக்கு."

"அதுக்குப் பின்னால வாறது?"

"அது எனக்கு."

"அதுக்கும் பின்னால?"

கலந்தர் கழுத்தைத் திருப்பி ஆறுதலாகப் பார்த்தான். "அது அந்த வெள்ளக்காரிக்கு. பாவம், விடியவே வந்து காத்திரிக்கா."

சேர்ஃபிங் ஆடும் கடலுக்கு உலகம் முழுக்க ஒரு சட்டம் உண்டு. அலை எந்த இடத்தில் முதலில் உடைகிறதோ, அதற்குக் கிட்ட இருப்பவனுக்கே அந்த அலை. அவன் பலகையில் எழும்பிவிட்டால் மற்றவன் குறுக்கே இறங்கக் கூடாது. இறங்கினால் அது களவு. பொத்துவில் பக்கத்தில் இவர்கள் கூடும் இந்தப் பாறை முனையில், பொயின்ட்டில் மட்டும் அதற்கு மேலே ஒரு சட்டம் இருந்தது. முதலில் ஊர்க்காரன். அடுத்தது வெள்ளைக்காரர், ஏனென்றால் அவர்கள் விருந்தாளிகள். அதற்குப் பிறகும் அலை மிஞ்சினால் வெளியூர்க்காரன். சீசன் காலத்தில் அலை மிஞ்சுவதில்லை.

றினாஸ் வெளியூர்க்காரன். நிந்தவூரில் பிறந்து, பொத்துவிலில் பஸ்லியாவைக் கல்யாணம் முடித்து வந்தவன். நம்ம பக்கத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். வந்த இடத்தில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. மாமா அப்துல் ஸமட் வயலும் வீடும் மகளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். மாமி ஹவ்வா உம்மா மீன் தலையை வேறு யாருக்கும் வைத்ததில்லை. குறை ஒன்றே ஒன்றுதான், வேலை. கலந்தர் பலகை வாடகைக்குக் கொடுத்து, வெள்ளைக்காரருக்கு சேர்ஃபிங் பழக்குகிற கடை வைத்திருந்தான். இங்கிலீஸ் நன்றாகக் கதைக்கிற ஒருவன் அவனுக்கும் தேவைதான். ஆனால் பொயின்ட்டில் பொடியன்மார் ஏற்றுக்கொள்ளாதவனை அவன் வேலைக்கு எடுக்கமாட்டான். அந்த வேலை கிடைக்காவிட்டால் நிந்தவூரில் வாப்பாவின் நெல் மில் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. பஸ்லியாவோ உம்மாவை விட்டு வரமாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டாள்.

ஆகவே றினாஸுக்கு ஓர் அலை வேண்டும். எல்லாரும் பார்க்க, "இது றினாஸுக்கு" என்று அவர்களாகவே விட்டுக்கொடுக்கிற அலை.

"நான் வெளியூர்க்காரன் இல்ல," என்றான் அடுத்த நாள் கடலில் வைத்து. "நான் இந்த ஊர் மாப்பிள்ள!"

கலந்தர் நளீமைப் பார்த்தான். நளீம் மற்றவர்களைப் பார்த்தான். பிறகு எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். நளீம் சிரித்த சிரிப்பில் பலகையிலிருந்து கவிழ்ந்து உப்புத் தண்ணீர் குடித்து இருமினான்.

"மாப்பிள்ளையா? முதலே சொல்லப்படாதா?" என்றான் கலந்தர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மாப்பிள்ள எண்டா மரியாதையா இரிக்க வேணும். நீங்க அந்தப் பக்கமா, தண்ணி அடங்கின இடத்தில போய் இரிங்க."

அன்றிலிருந்து 'நீ' போய் 'நீங்க' வந்தது. மரியாதை கூடியது. உட்கார்ந்திருக்கும் இடம்தான் அலையிலிருந்து இன்னும் தூரமானது.

வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மாமா கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சொல்லிவிட்டான்.

"இவ்வளவுதானா?" என்றார் அப்துல் ஸமட். "நான் வந்து கதைக்கிறன்."

"வேணாம் மாமா."

"சும்மா இரிங்க மருமகன். கேட்டா தராமலா விடுவாங்க?"

மறுநாள் காலையில் வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக அவர் மணலில் வந்து நின்றார். வயலில் அந்தக் கரையில் நிற்பவனை இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டுப் பழகிய குரல் அவருடையது.

"மனே கலந்தர்! எங்கட மருமகனுக்கும் ஒண்டு குடுங்களன்! பெரிசா வேணாம், சின்னதெண்டாலும் பரவாயில்ல!"

கடல் முழுக்கக் கேட்டது. வெள்ளைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று கை தட்டினார்கள். ஒருத்தி வீடியோ எடுத்தாள். றினாஸ் பலகையோடு தண்ணீருக்குள் போய்விடப் பார்த்தான், பலகை விடவில்லை.

"ஓம் மாமா, குடுக்கிறம்!" என்று கலந்தர் பதில் கத்தினான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தான். அதற்குப் பிறகு முழங்கால் அளவுக்கு நுரை தள்ளிக்கொண்டு ஏதாவது வந்தால் போதும், "மாமாட அலை வருது, எடுங்க மாப்பிள்ள!" என்று எல்லாரும் விலகி வழி விட்டார்கள். அதில் எழும்பி நின்றால் பலகை நகராது. றினாஸ் அந்த நுரையில் சிலைபோல நின்றதை அந்த வெள்ளைக்காரி மறுபடியும் வீடியோ எடுத்தாள்.

"பொடியன்மாரோட மொட்டைக் கையோட போய்க் கதைச்சா சரி வருமா?" என்றாள் ஹவ்வா உம்மா. "வயித்துக்குக் குடுத்துப் பாருங்க."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு கடற்கரைக்கு சஹன் வந்தது. சுற்றி உட்கார்ந்து எல்லாரும் ஒரே தட்டில் கை வைக்கிற அந்தப் பெரிய தட்டில் நெய்ச்சோறு, இறைச்சி, கோழிப் பொரியல். முடிவில் இனிப்புக்கு வட்டிலப்பம். மாமி பழி பாவத்துக்கு அஞ்சாமல் சமைத்திருந்தாள். பொடியன்மார் கடலை மறந்தார்கள். கலந்தர் வட்டிலப்பத்தை வழித்த விரலைச் சூப்பிக்கொண்டே, "மாமிட கைக்கு அல்லாஹ் பறக்கத் செய்யட்டும். மாப்பிள்ள, நாளைக்கு உங்களுக்கு..." என்று வாயைத் திறந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பொயின்ட்டில் அந்தச் சீசனின் மிகப் பெரிய அலைக்கூட்டம் வந்தது. ஒவ்வொன்றும் சுவர்போல, ஒழுங்காக, கண்ணாடிபோல. கடலில் ஊர்க்காரன் ஒருவனும் இல்லை. வெள்ளைக்காரர்கள் கூவிக் கூவி ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பொடியன்மார் எழும்பிப் பார்த்தார்கள். வயிறு எழும்ப விடவில்லை.



"இதுக்குத்தான் ஒரு வருசமாப் பாத்துக்கொண்டிருந்தம்," என்றான் நளீம், எலும்பைக் கீழே வைத்து.

கலந்தர் நாளைக்கு என்ன என்பதைச் சொல்லி முடிக்கவே இல்லை.

இனி யார் தயவும் வேண்டாம் என்று றினாஸ் முடிவு கட்டினான். உலகச் சட்டம் இருக்கிறதே, அலைக்குக் கிட்ட இருப்பவனுக்கு அலை. விடியற்காலை சுபஹுத் தொழுத கையோடு, எல்லாருக்கும் முன்னமே போய் அலை உடையும் இடத்தில் இருந்துகொண்டான். பொடியன்மார் வந்தார்கள், பார்த்தார்கள், அவனைத் தாண்டிப் போனார்கள். நல்ல அலை ஒன்று எழும்பி வந்தது. றினாஸ் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மனம் மாறிவிடும் என்று பயம். கை நோகத் தண்ணீரை வலித்து, எழும்பி, இறங்கினான்.

அலை அவனுடையதாக இருந்தது ஒரு மூச்சு நேரம்தான். பின்னால் இன்னும் உள்ளே இருந்து கலந்தர் முதலே எழும்பி வந்துகொண்டிருந்தான். றினாஸ் அவனுக்குக் குறுக்கே இறங்கியிருந்தான். உலகச் சட்டப்படியும் களவு, ஊர்ச் சட்டப்படியும் களவு.

மோதிய சத்தம் கரைக்குக் கேட்டது. கலந்தரின் பலகை நடுவால் முறிந்தது. றினாஸ் சுருண்டு அடியில் போனான். காலில் கட்டியிருந்த கயிறு பாறையில் சிக்கிக்கொண்டது. மேலே வெளிச்சம் தெரிந்தது, போக முடியவில்லை. கடைசிக் கலிமா சொல்ல வாயைத் திறந்தான், தண்ணீர்தான் வந்தது. அப்போது ஒரு கை அவனது சட்டைக் கொலரைப் பிடித்தது. இன்னொரு கை கயிற்றை அவிழ்த்தது.

மணலில் கிடந்து கண்ணைத் திறந்தபோது கலந்தர் அவனது காலை மடியில் வைத்து, குதிக்காலில் ஏறிய கடல்முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். நளீம் பிளேன்டீ கொண்டு வந்தான். ஏச்சு விழும் என்று றினாஸ் காத்திருந்தான். விழவில்லை.

"இனி என்ன செய்யப் போறீங்க?" என்றான் கலந்தர்.

"நிந்தவூருக்குப் போறன். மில்லுக்கு."

"நாளைக்குக் காலையில ரெண்டு பேர் படிக்க வாறாங்க. நீங்க இங்கிலீஸ் கதைப்பீங்கதானே? கடைக்கு வாங்க."

றினாஸுக்குக் காது அடைத்ததுபோல இருந்தது. "உங்கட பலகை..."

"பலகை உடையிறதுதானே. ஆள் உடையல்ல, அல்ஹம்துலில்லாஹ்."

"நான் உங்கட அலைய எடுத்தனே காக்கா!" முதல்முறையாக அவனை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டான்.

கலந்தர் கடைசி முள்ளைப் பிடுங்கி மணலில் எறிந்தான். "பின்னால திரும்பிப் பாக்காம இறங்கினீங்க. அவ்வளவு ஆசை உள்ளவனை எப்பிடி அனுப்புற? நாங்களும் ஒரு நாள் இப்பிடி விழுந்தவங்கதான். இனி நீங்க எங்கட ஆள்."

றினாஸ் அழுதான். கடல் தண்ணீர் என்று சொல்லிப் பார்த்தான், முகம் எப்போதோ காய்ந்திருந்தது. அன்றைக்கு வீட்டில் நடந்ததைச் சொன்னபோது மாமி சஹனை நினைத்து, "சோறு வீண் போகாது எண்டு எனக்குத் தெரியும்," என்றாள். மாமா, "நான் கேட்டது வீண் போகல்ல," என்றார். பஸ்லியா அவனது குதிக்காலில் எண்ணெய் தடவினாள். இந்த மனிதர்களுக்கெல்லாம் நான் என்ன நன்மை செய்தேன் என்று றினாஸ் நினைத்தான். ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான் நெஞ்சு நிறைந்து போனது.

கால் ஆறியதும் பொயின்ட்டில் கலந்தர் கையைக் காட்டி, "இது றினாஸுக்கு!" என்று கத்தினான். எல்லாரும் விட்டார்கள். அந்த அலையில் கரை வரை போன றினாஸ், ஈரத்தோடு மணலில் நெற்றி பதிய ஸுஜூதில் விழுந்தான்.

நன்றி உள்ளவனுக்குக் கை சும்மா இருக்காது. றினாஸ் இப்போது ஊர்க்காரர்களைவிடப் பெரிய ஊர்க்காரன் ஆனான். 'எங்கட கடல்', 'எங்கட பொயின்ட்' என்ற சொற்கள் அவன் வாயிலிருந்து இறங்கவே இல்லை. தன்னைக் காப்பாற்றியவர்களின் அலையில் இன்னொருவன் கை வைக்க விடமாட்டேன் என்று காவல் இருந்தான். கலந்தர் "விடுங்க, விடுங்க" என்றாலும் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டான்.

பெருநாள் லீவில் ஒரு காலை, றினாஸுக்கு முன்பின் தெரியாத ஒருவன் பழைய மஞ்சள் பலகையோடு வந்து நேராக அலை உடையும் இடத்துக்கே போனான். ஒருவரிடமும் கேட்கவில்லை. முதல் அலையை எடுத்தான். திரும்பி வந்து இரண்டாவதையும் எடுத்தான்.

றினாஸ் தண்ணீரை வலித்துக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றான்.

"இஞ்ச ஒரு ஒழுங்கு இரிக்கி. முதல்ல ஊர்க்காரன்."

"நல்ல ஒழுங்குதான்," என்றான் வந்தவன்.

"மாப்பிள்ள, அவர் முஹ்ஸின். விடுங்க," என்றான் கலந்தர் பின்னாலிருந்து, குரல் ஏனோ கம்மி.

"நீங்க சும்மா இரிங்க காக்கா. உங்களுக்காக நான் கதைக்கிறன்." றினாஸ் முஹ்ஸினிடம் திரும்பினான். "நீங்க எந்த ஊர்?"

"நிந்தவூர்."

சொந்த ஊர்க்காரன். ஆனால் நியாயம் நியாயம்தானே.

"நானும் நிந்தவூர்ல பொறந்தவன்தான். அதுக்காக நான் வந்தவுடனே அலையப் பாய்ஞ்சி புடிச்சனா? இவங்க பரம்பர பரம்பரையா இந்தக் கடல்ல கெடந்தவங்க. இது இவங்கட சொத்து. பெரிய மனசு பண்ணி எனக்கு ஒரு இடம் தந்தாங்க. அந்த நன்றிய நான் மௌத்தாகும்வரை மறக்கமாட்டன். நீங்களும் கொஞ்சம் பொறுமையா அந்தப் பக்கமா இரிங்க, தம்பி!"

நளீம் பலகையில் எதையோ சுரண்டத் தொடங்கினான். கலந்தர் வானத்தைப் பார்த்தான். மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தண்ணீருக்குள் தலையை முக்கினார்கள்.

முஹ்ஸின் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பிறகு றினாஸின் தோளில் கை வைத்தான்.

"நிந்தவூர் நான் கலியாணம் முடிச்ச ஊர் மச்சான்; இவர் கலந்தர் மருதமுனை, நளீம் ஒலுவில், மத்தவங்க சாய்ந்தமருது, எல்லாரும் உங்களப் போல இஞ்ச வந்த மாப்பிள்ளமார்தான், இந்தக் கடல்ல இப்ப மிதக்கிறதில பொத்துவில்ல பொறந்தவன் நான் ஒருத்தன் மட்டும்தான்."