பாதியில் திரும்பும் கேட்

கேட் சரியாகப் பாதி திறந்தது. ஒரு விநாடி யோசித்தது. பிறகு மனசு மாறி, வந்த வழியே போய் 'ணங்'கென்று மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா? ரிமோட்டை அமுக்கினா இந்தக் கூத்துதான்" என்று கார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார் கோடு போட்ட சட்டைக்காரர். "ஊர்ல மாமியாருக்கு மூச்சு இழுக்குது. நான் உடனே கிளம்பியாகணும்."

"மூணு நிமிஷம் சார்" என்றான் திருப்புளி.

திருப்புளி என்பது பட்டப்பெயர். தானியங்கி கேட் கம்பெனியில் ஒன்பது வருஷமாக மெக்கானிக். அன்று காலைதான் மேனேஜர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார்: "இன்னும் ஒரே ஒரு கஸ்டமர் 'சரியாகலை'ன்னு எழுதட்டும். மறுநாளே நீ குடோன்ல பெட்டி அடுக்குவ."

அந்த விரல் இன்னும் கண்ணுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தது. அதனால்தான் மோட்டார் மூடியில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்துச் சட்டைக்காரர் கூப்பிட்டார் என்று ஆபீஸிலிருந்து தகவல் வந்ததும், பக்கத்துத் தெருவிலிருந்து ஓட்டமாய் ஓடிவந்தான். கேட்டுக்குப் பக்கத்திலிருந்த சின்னக் கதவு வழியாக அவரே உள்ளே விட்டார்.

"மழை பட்டுச்சா சார்? எலி ஒயரைக் கடிச்சுதா? யாராவது போன்ல இணைச்சு வெச்சிருக்காங்களா?"

"எலியும் இல்ல, போனும் இல்ல. சீக்கிரம்ப்பா."

திருப்புளி தூணில் இருந்த சென்சாரைத் துடைத்தான். குறுக்கே ஆள் நின்றால் கேட் மோதாமல் நிறுத்துகிற கண் அது. துடைத்தும் பலனில்லை. இதுக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டி, இரண்டு ஒயரை முறுக்கிச் சென்சாரையே ஓரங்கட்டினான்.

"இப்ப எடுங்க சார்."

கேட் திறந்தது. கார் நகர்ந்தது. பாதி வழியில் கேட் திரும்பியது. கண் இல்லாத கேட் காரைப் பார்க்குமா? முன் விளக்கை நொறுக்கிவிட்டுப் போய் மூடிக்கொண்டது.

திருப்புளி ஓடிப்போய் உடைந்த கண்ணாடியைப் பொறுக்கினான். "சார், விளக்கு..."

"விளக்குதானே, விடு. கேட்டைப் பாரு."

ஒன்பது வருஷத்தில் இப்படியொரு தங்கமான கஸ்டமரை அவன் பார்த்ததே இல்லை. இவருக்காக உயிரைக் கொடுத்தாலும் தகும் என்று தோன்றியது.

"பக்கத்து வீட்டு ரிமோட் ஏதோ நம்ம மோட்டாரைக் குழப்புது" என்று ரிமோட் சிக்னலை வாங்கும் ஒயரையே பிடுங்கினான். இப்போது ரிமோட் சுத்தமாகச் செத்தது. சரி, கையாலேயே திறப்போம் என்று மோட்டார் பெட்டிக்குள் இரண்டு முனைகளைத் தொட்டான். கேட் பாதி திறந்தது. யோசித்தது. மூடிக்கொண்டது.

திருப்புளியின் கையிலிருந்த ஸ்பேனர் காலில் விழுந்தது. வலிகூடத் தெரியவில்லை.

"ரிமோட்டே கிடையாது. அப்புறம் இதுக்கு யார் சார் ஆர்டர் போடறது?"

"என்னைக் கேட்டா?" சட்டைக்காரரின் முகமும் வெளுத்திருந்தது. "பேய் கீய் இருக்குமோ?"

"குடிக்கத் தண்ணி கிடைக்குமா சார்?"

அவர் உள்ளே போனார். நாலைந்து அலமாரிகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. கடைசியில் மாவு அளக்கிற குவளையில் தண்ணீர் வந்தது.

"டம்ளர் எங்க இருக்குன்னு தெரியலப்பா. எல்லாம் வீட்டம்மா டிபார்ட்மென்ட்."

திருப்புளிக்கு மனசு இளகியது. அவனுக்கும் தன் வீட்டில் சர்க்கரை டப்பா எதுவென்று இன்றுவரை தெரியாது.

"மோட்டாருக்குத் தனி ஸ்விட்ச் இருக்குமே சார், அதையாவது அணைங்க. கரண்ட் இல்லாம பேட்டரில ஓட்டிப் பாப்போம்."

அவர் ஒவ்வொரு ஸ்விட்சாகத் தட்ட, வாசல் விளக்கு எரிந்தது. தண்ணீர் மோட்டார் உறுமியது. எங்கோ மாடியில் மின்விசிறி சுற்றியது. ஏழாவது தட்டலில் சரியான ஸ்விட்ச் சிக்கியது. திருப்புளி நிம்மதியாக முனைகளைத் தொட்டான். உள்ளே இருந்த பேட்டரி விழித்துக்கொண்டது. பாதி. யோசனை. ணங்.

தூண் உச்சியிலிருந்த கேமரா மெல்லக் கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்தது. காற்றுக்கு ஆடுகிறது போல என்று நினைத்து, கலைந்திருந்த தலைமுடியை ஒதுக்கிக்கொண்டான்.

"என்னப்பா, அரை மணி நேரம் ஆச்சு. மாமியார் போயே சேர்ந்துடுவாங்க போல" என்று சட்டைக்காரர் வாட்சைத் தட்டினார். "முடியலைன்னா சொல்லிடு. ஆபீஸுக்குப் போன் பண்றேன்."

குடோனும் பெட்டிகளும் திருப்புளியின் கண்முன் மலைபோல எழுந்து நின்றன.

"வேணாம் சார். கடைசி வழி ஒண்ணு இருக்கு."

பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். கம்பெனியின் எல்லா மோட்டாருக்கும் பொதுவான சாவி ஒன்று மெக்கானிக்குகளிடம் உண்டு. கஸ்டமர் எதிரில் வெளியே எடுக்கவே கூடாது என்பது கம்பெனிச் சட்டம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எடுத்தான். மோட்டாரின் பிடியைக் கழற்றி, தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துத் தள்ளினான். அந்த ராட்சசக் கேட் முனகிக்கொண்டே நகர்ந்து, முழுசாகத் திறந்து நின்றது. இம்முறை யோசிக்கவில்லை.

கார் சீறிக்கொண்டு தெருவுக்கு வந்தது. பின் சீட்டில், போர்வை சுற்றிய பெரிய டிவி ஒன்று குலுங்கியது. பாவம், டிவியும் ரிப்பேர் போல. ஒரே நாளில் ஒரு மனுஷனுக்கு எத்தனை சோதனை.

"சார், ஒரு கையெழுத்து!" என்று பின்னாலேயே ஓடி, தாளை நீட்டினான்.

அவர் ஓட்டிக்கொண்டே கிறுக்கித் தந்தார். 'வேலை பிரமாதம். இவர் மட்டும் வரவில்லையென்றால் நான் வெளியே வந்திருக்கவே முடியாது.'

திருப்புளி அதை மூன்று தடவை படித்தான். மேனேஜர் மேஜையில் கண்ணாடிக்கு அடியில் வைக்க வேண்டிய வாசகம்.

நாலாவது தடவை படிக்கும்போது ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது. பின்னாலேயே வந்த டாக்ஸியிலிருந்து ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் ஆட, ஒரு பெண் குதித்து இறங்கினாள். கையில் போன்.

"வீட்டம்மாவா? கவலையே படாதீங்கம்மா. சார் மாமியாரைப் பாக்கக் கிளம்பிட்டார்" என்று திருப்புளி பெருமையாகத் தாளை நீட்டினான். "கேட்டுதான் ரொம்பப் படுத்திடுச்சு."

அவள் தாளை வாங்கவில்லை. விரியத் திறந்த கேட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"இந்த வீட்ல நான் மட்டும்தான் இருக்கேன். உள்ள புகுந்த திருடன் என் காரோட தப்பிச்சுடக் கூடாதுன்னு, போலீஸ் வர்ற வரைக்கும் ஆபீஸ்லேருந்து போன்லயே நான் கேட்டை மூட மூட, திறந்துவிட்டுக்கிட்டே இருந்தது நீங்கதானா?"