பிரேக் வாத்தியார் ரேஸ் விடுகிறார்

கார் மறுபடியும் தலைகீழாகக் கிடந்தது. நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்துச் சுழன்றன. பின்னால் வந்த கார்கள் எல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தன. ஒருத்தராவது நிறுத்தி என்ன ஏது என்று விசாரிக்கவில்லை.

"மனுசங்களா இவங்க?" என்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக் கேட்டார் பிரேக் வாத்தியார்.

"மனுசங்க இல்லீங்க. அதையெல்லாம் கம்ப்யூட்டரே ஓட்டுது" என்றாள் மனைவி.

அவள் கையில் ஒரு கத்தை காகிதம் இருந்தது. அச்சகத்துக்காக வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. கம்ப்யூட்டர் அவளுடையது, மேஜை அவளுடையது, சக்கரம் வைத்த நாற்காலியும் அவளுடையது. பொறுமையும் அவளுடையதுதான். அது மட்டும் தீர்ந்துகொண்டே வந்தது.

வாத்தியார் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் வேலை. பழகுகிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடிக்க, இவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொள்வார். இவர் காலடியில் இவருக்கென்றே தனியாக ஒரு பிரேக் இருக்கும். ஆபத்து என்றால் அதை மிதிக்க வேண்டும். வருஷக்கணக்காக மிதித்து மிதித்து அதுவே பட்டப்பெயராகிவிட்டது. பஸ்ஸில் போனாலும், அடுத்தவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாலும், எதிரே ஏதாவது வந்தால் வலது கால் தானாக அழுத்தும். டிவியில் கார் துரத்தல் வந்தால் மனைவி அவர் காலடியிலிருந்து மிதியடியை எடுத்து அப்பால் வைத்துவிடுவாள்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் முதலாளி ரேஸ் விடச் சொல்லியிருந்தார்.

"இனிமே புதுசா வர்றவங்க முதல்ல கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பழகட்டும். பெட்ரோலும் மிச்சம், பம்பரும் மிச்சம்" என்று அவர் ஆரம்பித்தபோது வாத்தியார் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார். "ஆனா கம்ப்யூட்டர் ரூமுக்கு ஒரு வாத்தியார் போதும். ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் என் கண்ணு முன்னால ரேஸ் விடுங்க. யாரு நல்லா ஓட்டுறீங்களோ அவங்களுக்கு அந்த ரூம். எதை வச்சு ஓட்டுவீங்களோ அதைக் கையோட கொண்டு வந்துடுங்க."

"இன்னொருத்தருக்கு?"

"பார்க்கலாம்."

முதலாளி வாயிலிருந்து "பார்க்கலாம்" வந்தால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் வாட்ச்மேனிடம் அப்படித்தான் சொன்னார். இப்போது வாசலில் கேமராதான் இருக்கிறது.

இன்னொரு வாத்தியாருக்கு ராக்கெட் என்று பெயர். இளைஞன். அவனிடம் பழகியவர்கள் சீக்கிரம் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள், கொஞ்சம் தாமதமாக நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். விரல் முளைத்த நாளிலிருந்து அவன் கம்ப்யூட்டரில் ரேஸ் ஆடிவருகிறானாம்.

வாத்தியார் யோசித்துப் பார்த்தார். இந்த வயசுக்கு மேல், பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் போடத் தெரியும் என்று சொன்னால் வேறு எவன் வேலை கொடுப்பான்?

அதனால்தான் மனைவியின் கீபோர்டைப் போட்டு இந்தப் பாடு படுத்திக்கொண்டிருந்தார். மேல் அம்புக்குறியை அழுத்தினால் கார் ஓடும். கார் மெதுவாகப் போகிறது என்று தோன்றியதால் அவர் இன்னும் பலமாக அழுத்தினார். அழுத்திய அழுத்தில் பட்டன் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, வெளியே வரவில்லை.

மறுநாள் மனைவி டைப் அடிக்க உட்கார்ந்தாள். எங்கே வைத்தாலும் கர்சர் ஒரே ஓட்டமாகப் பக்கத்தின் உச்சிக்குப் போய் நின்றது.

"என்னங்க, நான் எழுதுறது எல்லாம் மாடி ஏறுது."

"ரேஸ்ல இருக்கு போல" என்றார் வாத்தியார், அசடு வழிய.

அவள் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை என் கீபோர்டைத் தொட்டீங்கன்னா, வேலை போறது ஞாயித்துக்கிழமைதான். சாப்பாடு இன்னைக்கு ராத்திரியே போயிடும்."

வாத்தியார் கடைக்கு ஓடினார். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு வருத்தமாகப் பார்த்தார்.

"கீபோர்டுலயா ஓட்டுனீங்க? அதுல திருப்பினா முழுசா திரும்பும், இல்லேன்னா திரும்பவே திரும்பாது. லேசா திருப்புறதுங்கற பேச்சே கிடையாது சார். கேம்பேட் வாங்குங்க. ரெண்டு கையில பிடிச்சுக்கலாம். இந்தக் குமிழைக் கொஞ்சமா தள்ளினா கொஞ்சமா திரும்பும்."

"இதுல பிரேக் எங்க இருக்கு?"

"இடது கை ஆள்காட்டி விரல்ல."

"விரல்ல பிரேக்கா?" வாத்தியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பக்கத்துல இருக்கறவருக்கு?"

"பக்கத்துல யாரும் இல்ல சார். நீங்க மட்டும்தான்."

அதுவே வாத்தியாருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் வாங்கினார்.

கேம்பேடில் திருப்ப விரலை நகர்த்தினால் போதும். வாத்தியாரோ உடம்போடு திரும்பினார். இடது வளைவில் இடது முழங்கை தண்ணீர்ச் சொம்பைத் தள்ளியது. வலது வளைவில் வலது முழங்கை மனைவியின் காகிதக் கத்தையைத் தள்ளியது. இரண்டும் தரையில் சந்தித்தன. அதற்குள் கார் ஒரு மரத்தில் மோத, கையிலிருந்த கேம்பேட் கடகடவென்று அதிர்ந்தது.

"ஐயோ, கரண்டு!" என்று அலறி அதைத் தூக்கி எறிந்தார். அது போய் பிரிண்டரின் வாயில் விழுந்தது.

"மோதினா அதிரும்ங்க. அதை அப்படித்தான் செஞ்சிருக்காங்க" என்றாள் மனைவி, ஈரக் காகிதங்களை ஒவ்வொன்றாக உதறியபடி. "பிரிண்டர் அப்படிச் செஞ்சது இல்ல."

வியாழக்கிழமை வாத்தியார் கேம்பேடைக் கொடுத்துவிட்டு, யாரோ பயன்படுத்திய ஸ்டியரிங் ஒன்றை மாற்றிக்கொண்டு வந்தார். நிஜ ஸ்டியரிங் மாதிரியே வட்டமாக இருந்தது. காலுக்கு ஆக்சிலேட்டர், பிரேக் என்று இரண்டு கட்டைகள் வைத்த ஒரு பெட்டி தனியாக இருந்தது. ஸ்டியரிங்குக்கு ஒரு வயர், கால் பெட்டிக்கு ஒரு வயர். சாப்பாட்டு மேஜையில் ஸ்டியரிங்கை முடுக்கி, கம்ப்யூட்டரை அங்கேயே கொண்டுவந்து வைத்து, மனைவியின் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு களை.

முதல் வளைவு வந்தது. பிரேக்கை மிதித்தார். திரையில் கார் நின்றது. நாற்காலிதான் நிற்கவில்லை. பின்னால் உருண்டு, கூடத்தைக் கடந்து, சமையலறை வாசலில் போய் முட்டியது.

"வந்தது வந்தீங்க, இந்த வெங்காயத்தை உரிச்சுக் கொடுத்துட்டுப் போங்க" என்றாள் மனைவி.

அன்று அவர் பல தடவை வந்தார். வெங்காயம் தீர்ந்து பூண்டும் உரித்தாயிற்று. கடைசியில் துணி காயப்போடும் கயிற்றை எடுத்து, நாற்காலியை மேஜைக் காலோடு இறுக்கிக் கட்டினார். அடுத்த பிரேக்குக்கு மேஜையும் கூடவே கிளம்பியது. மனைவி பாய்ந்து வந்து கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக் காப்பாற்றினாள்.

"என்னை இப்படி என்னைக்காவது பிடிச்சிருக்கியா?"

"நீங்க டைப் அடிச்சுச் சம்பாதிச்சுக் கொடுங்க, பிடிக்கிறேன்."

சக்கரம் இல்லாத மர நாற்காலியைக் கொண்டுவந்து போட்டதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. அப்போதுதான் உண்மையான தொல்லை தெரிந்தது. கார் எங்கேயும் போகவில்லை. பச்சை விளக்கு விழுந்தவுடன் மற்ற கார்கள் சீறிக்கொண்டு கிளம்பும். வாத்தியாரின் வலது கால் நேராகப் போய் பிரேக்கில் உட்காரும். ஆக்சிலேட்டர் என்று ஒன்று பக்கத்தில் இருப்பதே அதற்கு நினைவில்லை.

"என்னால ஆகாது. கால் கேட்க மாட்டேங்குது" என்றார். இவ்வளவு நாள் விளையாட்டாகத் தெரிந்தது, இப்போது உண்மையிலேயே பயமாக இருந்தது.

மனைவி குனிந்து அந்தக் கால் பெட்டியைப் பார்த்தாள். "காலுக்கு எது தெரியுமோ அதை மட்டும் காலுக்கு விடுங்க. ஸ்டியரிங்ல இவ்வளவு பட்டன் இருக்கே, ஆக்சிலேட்டரை அதுல ஒண்ணுக்கு மாத்திடலாம். கட்டை விரலால அழுத்துங்க."

மாற்றினாள். ஆக்சிலேட்டர் கட்டையைக் கழற்றி அலமாரி மேல் போட்டாள். விரலுக்கு ஓட்டம், காலுக்கு பிரேக். அன்று சாயங்காலம் வாத்தியார் முதல் முறையாகப் பந்தயத்தை முடித்தார், கடைசியாக. சனிக்கிழமை நாலாவதாக வந்தார். மனைவி கை தட்டினாள். அச்சகத்து வேலை அப்படியே கிடந்தது, அவள் கவலைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி அறையில் நீளமான மேஜை, மேலே இரண்டு திரைகள். கம்ப்யூட்டர் பெட்டிகள் இரண்டும் மேஜைக்கு அடியில் இருட்டில் நின்றன. எல்லாவற்றையும் பொருத்திக்கொடுக்க ஒரு பெண் வந்திருந்தாள்.

"குடுங்க சார், நான் சொருகுறேன்" என்றாள்.

"வேண்டாம்மா. இதோட மூணு நாள் குடும்பம் நடத்தியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்தார்.

"எதைச் சொருகினாலும் அதுவே எடுத்துக்கும் சார், உங்க வீட்டம்மா சொன்ன பட்டனையும் செட் பண்ணி வச்சிருக்கேன். ஆனா…"

"தெரியும்மா, தெரியும்" என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தார்.

ராக்கெட் கேம்பேடை விரலில் சுழற்றியபடி வந்து பக்கத்து நாற்காலியில் விழுந்தான். வாத்தியாரின் காலடியைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அண்ணே, கார்லேர்ந்து பிரேக்கை மட்டும் கழட்டி எடுத்துட்டு வந்துட்டீங்களா! நான் ரேஸ்ல பிரேக் பக்கமே போகமாட்டேன்ணே. அது பயந்தவங்க சமாச்சாரம்."

"நீ ஓட்டு தம்பி" என்றார் வாத்தியார்.

பச்சை விளக்கு விழுந்தது. வாத்தியார் கட்டை விரலை அழுத்தினார். கார் அழகாகக் கிளம்பியது. முதல் வளைவு வந்தது. நேரம் பார்த்து, பதமாக பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினார். கட்டை தரையைத் தொட்டது. கார் வேலியை உடைத்துக்கொண்டு போய், குட்டிக்கரணம் போட்டுத் தலைகீழாக விழுந்தது.

"வாத்தியாரே!" என்றார் முதலாளி.

வாத்தியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுபடி கிளப்பினார். இரண்டாவது வளைவில் கார் குளத்துக்குள் போனது. அதோடு சரி. திரையில் தண்ணீர் மட்டும் தெரிந்தது. அவ்வளவுதான், வேலை போயிற்று. பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி, "விடுங்க, பார்த்துக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னாள். அந்தச் சொல்லை அவள் வாயால் கேட்க அவருக்குத் தாங்கவில்லை.

செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் ராக்கெட்டின் திரையைப் பார்த்தார். அவன் பறந்துகொண்டிருந்தான். மலைப்பாதை, கீழே பள்ளம். வளைவு நெருங்கிவிட்டது, பையன் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

"மெதுவா… மெதுவா…" என்று முணுமுணுத்தார் வாத்தியார். அவன் எதிரி என்பது அவருக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. வலது கால் படக்கென்று மிதித்தது. ராக்கெட்டின் கார் பதவிசாக வேகம் குறைந்து, வளைவை ஒட்டித் திரும்பி, நேரானதும் சீறிக்கொண்டு போனது.

"அடடா!" என்றார் முதலாளி.

ராக்கெட் கேம்பேடை ஒரு தடவை குலுக்கிப் பார்த்தான். அதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது. வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். பார்க்காமல் இருக்கலாம்தான். பக்கத்தில் ஒருத்தன் இப்படி ஓட்டும்போது எப்படிப் பார்க்காமல் இருப்பது? வளைவுக்கு வளைவு அவர் கால் தரையில் அழுந்திக்கொண்டே இருந்தது. மனைவிக்கே பார்க்கச் சகிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராக்கெட்டுக்கு முன்னால் போன கார்கள் ஒவ்வொன்றாக வளைவில் தடுமாறி விழ, அவன் எல்லோரையும் தாண்டி முதலாவதாக வந்து சேர்ந்தான்.

முதலாளி எழுந்து நின்று கை தட்டினார்.

"நான் உன்னை என்னமோ நினைச்சேன்டா. வேகமா போக எவனுக்கும் தெரியும். ஒவ்வொரு வளைவுலயும் என்ன அழகா பிரேக் போட்ட! அந்த மலை வளைவுல பிடிச்ச பாரு, உடம்பு சிலிர்த்துடுச்சு. கத்துக்க வர்றவங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கற ஆளுதான் எனக்கு வேணும். எப்படிடா வந்தது உனக்கு?"

ராக்கெட் ஒரு நொடி விழித்தான். பிறகு சமாளித்துக்கொண்டான். "எல்லாம் பழக்கம்தான் சார்."

"ரூம் உனக்குத்தான்" என்றார் முதலாளி. பிறகு வாத்தியார் பக்கம் திரும்பி, முகத்தைப் பார்க்காமல், "உங்களுக்கு… பார்க்கலாம்" என்றார்.

மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். ஸ்டியரிங்கைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். வயர்களை உருவ அந்தப் பெண் மேஜைக்கு அடியில் போயிருந்தாள். கொஞ்ச நேரம் அங்கே ஏதோ தட்டுமுட்டுச் சத்தம் கேட்டது. பிறகு, அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி அவள் குரல் வந்தது:

"ஏன் சார், உங்க பிரேக் வயரை எதுக்கு அவரு கம்ப்யூட்டர்ல சொருகி வச்சிருக்கீங்க?"