மூன்றாம் சிலிண்டரின் பின்தகட்டுப் போர்

வாழ்க சமீரா! ஸ்பேனர் ஏந்திய செங்கையினள், கிரீஸே சாந்தாகப் பூசிய முழங்கையினள், எந்த என்ஜின் இருமினாலும் எந்த சிலிண்டருக்குச் சளி என்று சொல்லிவிடும் நுண்செவியினள், லப்பைக்குடிக்காட்டில் பிறந்து, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே மக்காச்சோளக் கடலின் கரையில் எழுந்து நிற்கும் தனியார் பொறியியல் கல்லூரியில் விமான ஆய்வுக்கூடத்தை எட்டு ஆண்டுகளாக ஆண்டுவரும் நங்கை வாழ்க! ஒரு சாண் அலுமினியத் தகட்டோடு அவள் மூன்று நாள் பொருதிய வரலாற்றை இனி உரைக்கப் புகுகின்றோம். பருத்திச் செடிகளே, சற்று அசையாதிருங்கள். அரியலூர்ச் சாலையில் அணிவகுத்துச் செல்லும் சிமெண்ட் லாரிகளே, ஹாரனை அடக்குங்கள்.

அவளது நாட்டில் இருந்தது ஒரே ஒரு விமானம். இருவர் அமரும் சிறு விமானம், வெள்ளை நிறத்தது, அதனால் மாணவர்கள் அதற்கு வெள்ளச்சி என்று பெயரிட்டிருந்தனர். பறப்பதை விட்டுப் பல ஆண்டுகள் ஆயின. ஆயினும் என்ஜின் மட்டும் நல்ல உயிரோடிருந்தது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்தி, சமீரா அதை முடுக்குவாள். அப்போது விசிறி சுழல, தகரக் கூரை அதிர, அதுவரை படத்தில் மட்டுமே என்ஜினைக் கண்டிருந்த பிள்ளைகள் முதன்முறையாக வாய் பிளந்து நிற்பார்கள். சமீராவுக்கு அந்தத் தொழிலில் பிடித்ததே அந்த ஒரு நொடிதான்.

இத்தகைய நாட்டுக்கு வந்தது ஓர் ஓலை. வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஆய்வுக்குழு வருகிறது. என்ஜின் பத்து நிமிடம் ஓடிக் காட்ட வேண்டும். ஓடாவிடில் வெள்ளச்சியைக் கல்லூரி வாசலில் ஒரு தூணின்மேல் ஏற்றி, வண்ண விளக்குப் போட்டு அலங்காரமாக வைத்துவிடுவதென்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. ஓலையைக் கொணர்ந்தவர் நிர்வாக அலுவலர் ராசாங்கம். சலவை குன்றாத வெண்சட்டையர், சாவிக்கொத்து குலுங்கும் இடுப்பினர், எதையும் முன்கூட்டியே முடித்துவிடும் வேகத்தினர். தூணுக்கான குழியை அவர் அன்று காலையே தோண்டச் சொல்லிவிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். ஓடுனா குழிய மூடிடுவோம். ஓடலைன்னா ஆளு தேடி அலையக் கூடாதுல்ல," என்றார்.

செவ்வாய்க்கிழமை சமீரா வெள்ளச்சியை முடுக்கினாள். முதல் நிமிடம் முழங்கியது. மூன்றாம் நிமிடம் வெப்பமானியின் முள், எறையூர் ஆலைக்குக் கரும்பேற்றிச் செல்லும் டிராக்டர் மேட்டிலேறுவதுபோல் மெல்ல மெல்ல மேலேறி, நான்காம் நிமிடம் சிவப்புக்கோட்டைத் தொட்டது. அணைத்தாள். மூடியைத் திறந்தாள். டார்ச்சைப் பிடித்தாள். கண்டாள் பகைவனை.

மூன்றாம் சிலிண்டரின் பின்னே நிற்கும் ஒரு மெல்லிய தகடு அது. முன்புறம் நுழையும் காற்று வந்த வழியே ஓடிவிடாமல் மடக்கி, சிலிண்டரின் செதில்களுக்கிடையே புகுத்திச் சூடாற்றுவது அதன் தொழில். காற்றை மேய்க்கும் அந்த ஆயன் இப்போது விரல் நீளத்துக்கு விரிசல் விட்டு, மூலையும் உடைந்து, காற்றையெல்லாம் கண்டபடி ஓடவிட்டுக்கொண்டிருந்தான். எப்போதோ எவரோ அந்த விரிசலின்மேல் பசையை அப்பி, அதற்கு மேல் சாம்பல்நிறப் பெயின்டும் அடித்திருந்தனர். சமீரா நெடுநேரம் அந்தப் பெயின்டையே பார்த்தாள். எட்டு ஆண்டுகள் தானும் அதைத் தட்டிப் பார்க்கவில்லை என்ற வெட்கம் அவள் காதுவரை சுட்டது.

விரிசலின் நுனியில் துளையிட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்தலாம் என்றால், மூலையே போய்விட்டது. புதுத் தகடு வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம். ஆய்வுக்கூட அலமாரியில் விமானத்துக்குரிய அலுமினியத் தகடு ஒரே ஒரு துண்டு கிடந்தது. அதில் இரண்டு தகடு வெட்டலாம், மூன்றாவது தேறாது. அதைச் சுருட்டாமல் மடக்காமல், கைக்குழந்தையைப் போல மடியில் கிடத்தி, புதன்கிழமை காலை கல்லூரி வேனில் அரியலூர் சென்றாள்.

அரியலூரில், கடல் கிடந்து வற்றிய சுண்ணாம்பு மண்ணின்மேல், ஏசிக் காற்று ஓடும் தகரக் குழாய் செய்யும் பட்டறை நடத்திவந்தான் முத்தமிழ்செல்வன். தகரம் அவன் சொற்கேட்கும். துத்தநாகம் அவன் கண்ணசைவில் வளையும். திருமண மண்டபங்கள் நான்கும் துணிக்கடைகள் ஆறும் அவன் குழாய் வழியே குளிர்ந்துகொண்டிருந்தன. அத்தகையவன் சமீரா நீட்டிய தகட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து நகைத்தான்.

"என்னாங்க மேடம், பப்படம் மாதிரி இருக்கு? நம்மகிட்ட கெட்டித் தகடு கெடக்கு. அதுல அடிச்சுத் தரேன், பத்து வருஷத்துக்கு அசையாது."

"கெட்டியா போட்டா என்ஜின் நடுங்கயில வேற எடத்துல பொளந்துடும்ணே. இதுலயே செஞ்சு குடுங்க. மெதுவா மடக்குங்க, இது தகரம் இல்ல."

"முப்பது வருஷமா மடக்குறேன், எனக்கா தெரியாது?" என்று கர்ஜித்து, தகட்டை வெட்டி, மடக்கும் பொறியில் வைத்து, கைப்பிடியை ஒரே இழுப்பாக இழுத்தான். கத்திமுனைபோல் மடிப்பு விழுந்தது. 'டக்' என்றொரு சிற்றொலி எழுந்தது. மடிப்பின் முழுநீளத்துக்கும் தகடு பிளந்து இரண்டானது.

அந்தோ! குழாய்கள் மௌனித்தன. வெல்டிங் பொறி அணைந்தது. முத்தமிழ்செல்வன் இரு துண்டுகளையும் இரு கைகளில் பிடித்தபடி, பரீட்சைத் தாளைத் தொலைத்த மாணவனைப்போல் நின்றான்.

சமீரா கத்தவில்லை. கத்தினால் அழுதுவிடுவோம் என்று அஞ்சினாள். "இன்னொன்னுதான்ணே இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

அவன் இரு துண்டுகளையும் கீழே வைத்தான். "சொல்லுங்க மேடம். நீங்க சொல்றபடி."

அதன்பின் பட்டறையில் நிகழ்ந்தது போரன்று, தவம். மழமழப்பான ஒரு குழாய்த்துண்டைத் தேடியெடுத்து, அதன்மேல் தகட்டைப் படியவைத்து, அவள் பிடிக்க, அவன் மரச்சுத்தியலால் பூப்போல் தட்டித் தட்டி வளைத்தான். ஒவ்வொரு தட்டுக்கும் இருவரும் மூச்சடக்கினர். பிற்பகலில் வளைவு முழுமையுற்றது, விரிசல் ஒன்றுமில்லை. "நாளைக்கு நானும் வரேன். இத மாட்டுறத பாக்காம எனக்குத் தூக்கம் வராது," என்றான் அவன்.

வியாழன் விடிந்தது. பழைய தகடு நீங்கியது. புதுத் தகடு பொருந்தியது. காற்று கசியாதிருக்க ஓரத்தில் ரப்பர்ப் பட்டையும் ஒட்டியது. எஞ்சியது ஒரே ஒரு திருகு. கண் எட்டாத, கை மட்டும் குருட்டாம்போக்கில் எட்டுகின்ற பின்மூலைத் திருகு. சமீரா மேலிருந்து திருகைப் பிடிக்க, முத்தமிழ்செல்வன் கீழிருந்து தன் யானைக் கையைக் கொடுத்துத் துவரம்பருப்பளவு நட்டை அதன் முனையில் பொருத்த முயன்றான். மேற்பார்வையிட வந்த ராசாங்கம் என்ஜின் மூக்கினடியில் நின்று, "முடிஞ்சுதா?" என்று வினவி, விடையெதிர்பாராமல் குழியைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் வினவிய அக்கணமே நட்டு நழுவியிருந்தது.

விழுந்த ஓசை எவர் செவிக்கும் எட்டவில்லை. தேடினர். காந்தக் கோலை விட்டுத் துழாவினர். குழாய்களினடியிலும் கம்பிகளினிடுக்கிலும் கண்ணாடி காட்டித் தேடினர். தரையைக் கூட்டி, கூட்டியதைச் சலித்தனர். கொள்ளிடத்து மணலில் தொலைந்த மூக்குத்தியையாவது கண்டுபிடித்துவிடலாம். பன்னிரண்டானது, ஒன்றானது, இரண்டும் ஆனது. வேறொரு நட்டைப் போட்டுத் திருகு இறுகிவிட்டது. ஆயினும் சமீரா சாவியைத் தொடவில்லை.

ராசாங்கம் திரும்பி வந்தார். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

"மேடம், அவங்க பெரம்பலூர் தாண்டிட்டாங்க. சாப்பாடு முடிஞ்சதும் இங்கதான். ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டீங்களா?"

"நட்டு கெடைக்கல சார்."

"புதுசு போட்டாச்சுன்னு சொன்னாங்களே?"

"தொலைஞ்சது உள்ள எங்கயோ கெடந்து விசிறி வேகத்துல பறந்தா? முன்னாடி நிக்கிறது பிள்ளைங்க சார். அது கையில கெடைக்காம நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேன்."

"அப்புறம் தூண்ல ஏத்திடுவாங்கம்மா!" அவர் குரலில் மிரட்டல் இல்லை; உண்மையான கலக்கம் இருந்தது. குழி தோண்டியவருக்கே அந்தக் குழி அச்சமூட்டத் தொடங்கியிருந்தது.

"ஏத்தட்டும். இன்னைக்கு ஓட்டிக் காமிக்கணும்னு நாளைக்கு ஒரு பிள்ளைக்குக் கண்ணு போனா, அல்லாஹ்வுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

கொற்றவர் எவரும் இதனினும் பெரிய பிரகடனம் செய்ததில்லை என்பதைப் பணிவோடு பதிவு செய்கின்றோம். ராசாங்கம் ஆய்வுக்கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கலானார். நடந்தார், திரும்பினார், மீண்டும் நடந்தார்.

சமீராவின் நுண்செவி விழித்தது. இடது செருப்பு சிமெண்ட் தரையில் 'சப்' என்றது. வலது செருப்பு 'டிக்' என்றது. சப், டிக். சப், டிக்.

"சார், நில்லுங்க!"

அவர் நின்றார். "காலத் தூக்குங்க," என்றாள் சமீரா.

சலவை குன்றாத வெண்சட்டையர் முத்தமிழ்செல்வனின் தோளைப் பற்றிக்கொண்டு, ஒற்றைக் காலில் கொக்கென நின்றார். வலது செருப்பின் ரப்பர்ப் பள்ளத்துக்குள், வேண்டியவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்ததுபோல வசதியாகப் பதிந்து, ஒளிர்ந்துகொண்டிருந்தது அந்த நட்டு. காலை முதல் அது கல்லூரி வளாகத்தை மும்முறை வலம்வந்து, குழியையும் எட்டிப் பார்த்து, மதியச் சோற்றுக்கும் போய் வந்திருந்தது.

முத்தமிழ்செல்வன் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தான். ராசாங்கம் ஒருகணம் முகம் சிவந்தார். பிறகு அவரும் சிரித்தார். சமீரா மட்டும் சிரிக்கவில்லை. நட்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்று மணி. ஆய்வுக்குழு வந்தது. வெள்ளச்சி முழங்கினாள். விசிறி வட்டம் வெண்ணிறப் புகைபோல் சுழன்றது. மக்காச்சோளத் தோகைகள் சரிந்தன. அரியலூர்வரை கேட்டிருக்கும் என்று பின்னாளில் முத்தமிழ்செல்வன் சாதித்தான். நான்காம் நிமிடம் வந்தது. முள் நடுவில் நின்றது. ஏழாம் நிமிடமும் முள் அங்கேயே நின்றது. பத்து நிமிடமும் பச்சைக்கோட்டைத் தாண்டாமல், அம்மி போல் அசையாதிருந்தது. குழுத்தலைவர் காதைப் பொத்திக்கொண்டே கையெழுத்திட்டார். ராசாங்கம் வாசலுக்கு ஆளனுப்பிக் குழியை மூடச் சொன்னார்.

அதன்பின், தகடு வென்ற தலைவியும், தகரம் வளைத்த வீரனும், செருப்பால் துணைநின்ற அலுவலரும் தோளோடு தோள் சேர, வெற்றிப் பெருமிதம் நெஞ்சில் விம்ம, போர்க்களத்தின் புழுதியும் கிரீஸும் முகத்தில் துலங்க, வாகை சூடி வரும் படையினருக்கே உரிய மிடுக்கோடு, மூன்று நாள் பட்ட பாட்டுக்கெல்லாம் ஒரு மிடறு சூடான டீயே தக்க பரிசென்று தேர்ந்து, கேன்டீனை நோக்கி நடந்தனர்.

பால் தீர்ந்துவிட்டது என்றார்கள்.