தொலைபேசி விவசாயி

மண்ணைப் பார்த்து விதைக்கிறவனை உங்களுக்குத் தெரியும். தொலைபேசி சொன்னபடி விதைக்கிறவனைத் தெரியுமா? அவனுக்கு வேளாண் நிபுணர் என்று பெயர். தேடி அலைய வேண்டாம்; நானேதான். வடக்கே பனிப்பிரதேசத்தில், வோலக்தா பக்கத்துக் கூட்டுப்பண்ணை ஒன்றில் பதினொரு வருடம் அந்த வேலை பார்த்த இன்னொகென்தி சவ்விச்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. மணி அடித்ததும் எழுந்து நிற்பான். எதிர்முனையில் இருப்பவர் பார்க்க முடியாது என்று தெரிந்தும் குல்லாயைக் கழற்றி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, “ஆகட்டும் தோழரே, அப்படியே செஞ்சுடலாம் தோழரே” என்று சுவரைப் பார்த்துத் தலையாட்டுவான். என்ன சொன்னார்கள் என்று போனை வைத்த பிறகுதான் யோசிப்பான். யோசித்தால் மறுக்கத் தோன்றும். ஆகவே அதையும் விட்டுவிடுவான்.

அறுபத்திரண்டாம் வருட வசந்தத்தில் மாவட்டத்திலிருந்து போனில் உத்தரவு வந்தது: மாட்டுத் தீவனத்துக்கு விட்டிருக்கும் குளோவர் புல் நிலம் முழுவதையும் உழுது, மே பத்துக்குள் மக்காச்சோளம் விதைத்தாக வேண்டும். ஜூனிலும் உறைபனி விழுகிற ஊரில் மக்காச்சோளம்! ஐந்து வருடம் வேளாண் கல்லூரியில் படித்த நான் என்ன சொன்னேன்? “ஆகட்டும் தோழரே.”

வயலில் குழுத்தலைவி உஸ்தீன்யா புரோகரவ்னா வழிமறித்தாள்.

“இன்னொகென்தி சவ்விச், அந்தக் கையுறையக் கொஞ்சம் கழட்டுங்க.”

கழற்றினேன். என் கையைப் பிடித்து ஈர மண்ணுக்குள் அழுத்தினாள். விரல்கள் மரத்துப்போயின.

“உங்க கையே ஒரு நிமிஷம் தாங்கல. விதை எத்தன நாள் தாங்கும்?”

“மேலிடத்து உத்தரவும்மா.”

“மேலிடம்னா எது, வானமா? அது இன்னும் பனியத்தான் அனுப்புது!”

சுற்றி நின்ற குழுப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்து, விதைக்கச் சொன்னேன்.

மாவட்டத்திலேயே நாங்கள்தான் முதலில் முடித்தோம். செங்கொடி பரிசு, பத்திரிகையில் என் படம். படம் வெளியான அன்று விதை மண்ணுக்குள் அழுகிக்கொண்டிருந்தது. தப்பி முளைத்தது முழங்கால் உயரம்கூட எட்டவில்லை. ஆகஸ்டு உறைபனியில் கருகியது.

பிப்ரவரியில் தீவனம் தீர்ந்தது. நிற்கத் தெம்பில்லாத மாடுகளின் வயிற்றில் கயிறு கொடுத்து உத்தரத்தில் கட்டித் தூக்கி நிறுத்தினார்கள். ஒன்பது மாடுகள் செத்தன. நான் தொழுவத்துப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். அலுவலகத்தில் தொலைபேசி அருகே யாராவது இருக்க வேண்டாமா?

ஒரு நாள் காலை பனிவண்டிகள் வரிசையாக வந்தன. வண்டி நிறையக் காய்ந்த குளோவர் புல். பிர்ச் காட்டுக்குப் பின்னால் ஏழு ஹெக்டேரை உஸ்தீன்யா உழாமலே விட்டிருக்கிறாள். அறுத்துக் காயவைத்து மறைத்தும் வைத்திருக்கிறாள். மிச்சமிருந்த நாற்பது மாடுகளும் பிழைத்தன.

“என்கிட்ட ஏன் ஒரு வார்த்த சொல்லல?” என்றேன்.

“சொல்லியிருந்தா நீங்க மேலிடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லியிருப்பீங்க.”



அந்த வாரமே மாவட்டத்திலிருந்து போனில் கேட்டார்கள்: “உங்க பண்ணையில எங்கயோ குளோவர் இருக்குன்னு பேச்சு வருதே? எல்லாத்தையும் உழுதாச்சுல்ல?”

குல்லாயைக் கழற்றினேன். சன்னலுக்கு வெளியே உஸ்தீன்யா வண்டியிலிருந்து புல்லை இறக்கிக்கொண்டிருந்தாள்.

“உழுதாச்சு தோழரே. ஒரு துளிகூட மிச்சமில்ல.”

பதினொரு வருடத்தில் நான் செய்த ஒரே விவசாயம் அந்தப் பொய்தான்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உருப்படாது என்று நன்றாகத் தெரிந்த ஒரு காரியத்துக்கு நீங்கள் கடைசியாகச் “சரிங்க” சொன்னது எப்போது? போன வாரமா, இன்று காலையா?