கயிற்று மீனுக்குப் பத்தியம்

ஊட்டாளிகள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவர்களைக் கண்டிருப்பீர்கள். அதைவிட முக்கியம், அவர்கள் உங்களைக் கண்டிருப்பார்கள். கல்யாண வீட்டில் எதிரே உட்கார்ந்து உங்கள் தட்டையே கவனித்துக்கொண்டிருப்பவர், பஸ்ஸில் உங்கள் கையிலிருக்கும் வடைச் சரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவர், உங்களுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்து, காய்ச்சலுக்கு முதல்நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்து, அதுதான் காரணம் என்று தீர்ப்பும் சொல்லி, உங்களுக்கென்று வாங்கிவந்த பிஸ்கட்டில் பாதியைத் தானே தின்றுவிட்டுப் போகிறவர், எல்லாரும் இந்த இனம்தான். உலகத்தில் யார் யார் எதைத் தின்ன வேண்டும் என்பது இவர்களுக்கு அத்துப்படி. ஒரேயொரு வாயைப் பற்றி மட்டும் தெரியாது.

யாருடைய வாய்? பொறுங்கள்.

பெல்மதுளைச் சந்தியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த முக்தார் ஹாஜியார், இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்றவர். அவரிடம் ஆணி வாங்கப் போனால் வல்லாரையின் மகிமையைக் கேட்காமல் திரும்ப முடியாது. தோட்டத்திலிருந்து இறங்கி வந்த இருளாயியையும் அவர் விட்டுவைக்கவில்லை.

“கோதுமை மா ரொட்டியா தின்னுறீங்க? வாணாம். குரக்கன் மா ரொட்டி தின்னுங்க. ஒரே சாப்பாடு ஒடம்புக்கு ஆகாது. கீரை தின்னுங்க, பாவக்கா தின்னுங்க.”

“மொதலாளி, நான் மம்பட்டி வாங்க வந்தேனுங்க. அதையும் திங்கச் சொல்லிறாதீங்க.”

சரி, ஹாஜியார் வீட்டில் என்ன சாப்பிட்டார்? வெள்ளைச் சோறு. மாட்டிறைச்சி. ஈரல் கறி. மேலே வட்டிலப்பம். அதற்கும் மேலே, மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணீர். இரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்று டொக்டர் எச்சரித்த பிறகு மனைவி கைருன்னிஸா பாகற்காய் வைத்தாள். அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி, சோற்றால் ஓர் அணையும் கட்டிவிட்டு, “எனக்கு இது ஒத்துக்கொள்ளாது புள்ள” என்றார். தின்று பார்த்தாரா? ஒத்துக்கொள்ளாததை எப்படித் தின்று பார்ப்பது?

இந்த நிலையில்தான் வீட்டுக்குள் கயிற்று மீன் வந்தது. எம்பிலிப்பிட்டியவில் புடவைக்கடை வைத்திருந்த மைத்துனர் றம்ஸீன், அங்குள்ள மீன்தொட்டிக் கடையில் வாங்கி அன்பளிப்பாகக் கொண்டுவந்தது. ஆபிரிக்கச் சாதி, முழ நீளம், மண்ணிறம், நீந்தும்போது நெளியும், அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்து காற்றை ஒரு மிடறு குடித்துவிட்டுப் போகும். முதலில் அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஓர் அடி பின்வாங்கினார்கள். ஹாஜியார் மட்டும் முன்னேறினார். பிள்ளைகள் மூவரும் கலியாணம் முடித்துப் போய்விட்ட வீடு அவருடையது. ஊட்ட ஒரு வாய் கிடைத்தது.

விருந்தாளிக்கு வீட்டில் உள்ளதில் நல்லதைக் கொடுப்பதுதானே முறை? தன் தட்டிலிருந்த ஈரலில் மசாலாவைக் கழுவி, சின்னதாய்க் கிள்ளித் தொட்டியில் போட்டார். மீன் தின்றது. மறுநாளும் தின்றது. மாதங்கள் போயின. அதன் பிறகு அது வேறெதையும் தின்னச் சம்மதிக்கவில்லை. கயிறு, தேர்வடமாகியது. அந்த வருடத்துப் பெருமழை முடியும்போது, காற்றுக் குடிக்க மேலே வருவதற்கே அதற்குப் பெரும்பாடு. பாதி வழியில் கல்லொன்றில் சாய்ந்து இளைப்பாறிவிட்டு மறுபடி ஏறும்.

ஹாஜியார் பதறிப்போய் எம்பிலிப்பிட்டியவுக்கே போனார். மீன்கடைக்கார மாத்தயா சிங்களத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: ஈரலை நிறுத்துங்கள், புழு, இறால், சின்ன மீன் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் அது மேலே வராது.

மேலே வராது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஹாஜியார் அந்த இரண்டு சொல்லையும் மென்றுகொண்டே வந்தார்.

நாட்டில் யுத்தநிறுத்தம் வந்த வருடம் அது. தொட்டிக்குள் வரவில்லை. ஹாஜியார் இறாலை உரித்துப் பொடியாக வெட்டிப் போட்டார். மீன் மோந்து பார்த்துவிட்டுப் போனது. மண்புழுவை இடுக்கியால் பிடித்து மூக்குக்கு நேரே ஆட்டினார், மூக்கைத் திருப்பியது. இருட்டில்தான் இந்தச் சாதி இரை தேடும் என்று மாத்தயா சொன்னது ஞாபகம் வந்து, பொழுது சாய்ந்து மஃரிபு தொழுதுவிட்டு வந்ததும் வீட்டு லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு, தொட்டியருகே குந்திக்கொண்டு கெஞ்சினார். ஈரலுக்குள் இறாலை ஒளித்துப் போட்டபோது, அந்த மீன் ஈரலை விழுங்கி, இறாலை மட்டும் துப்பியதே, அந்தச் சாமர்த்தியத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

“தின்னு வாப்பா. ஒரே சாப்பாடு ஒடம்புக்கு ஆகாது. இது ஒனக்கு நல்லது.”

மீன் தலையைக் கல்லுக்கடியில் வைத்துக்கொண்டது. பட்டினி கிடக்கிறதே என்று ஹாஜியாரின் மனம் இளகும். “ஒரு வாய்தான்” என்று ஈரலைக் கிள்ளிப் போடுவார். மீனுக்கு வேறு பாடம் வேண்டுமா? பிடிவாதமாய் இரு, ஈரல் வரும்.

கதவருகே நின்ற கைருன்னிஸா சொன்னாள்: “இங்க பாருங்க, அது ஒங்களப் பாத்துத்தான் படிச்சீக்கி.”

“சும்மா இரு புள்ள. மீனும் மனுசனும் ஒண்டா?”

தீர்வைக் கொண்டுவந்தவர் றம்ஸீன். தொட்டியைப் பார்த்தார், மச்சானின் வாடிய முகத்தைப் பார்த்தார், சிரித்தார்.

“மச்சான், தனியத் தின்னுறவனுக்குத்தான் இந்த எடுப்பெல்லாம். சஹன்ல குந்தவைங்க. எல்லாம் எறங்கும்.”

சஹன் என்றால் எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தாம்பாளம். அதில் இது வேண்டும், அது வேண்டாம் என்ற பேச்சே இல்லை. முன்னால் இருப்பதை எடுக்க வேண்டும். எடுக்கவில்லையென்றால் பக்கத்துக் கை எடுத்துவிடும். சஹனில் அமர்ந்து பசியோடு எழும்பியவனைப் பார்த்து ஊரே சிரிக்கும்.

அடுத்த வாரமே இன்னும் இரண்டு கயிற்று மீன்கள் வந்து சேர்ந்தன. ஒல்லி, கொடும்பசி, எதைப் போட்டாலும் விழுங்குகிற சாதி. ஹாஜியார் தொட்டியின் அடியில் ஒரு மண்தட்டை வைத்தார். பொழுது சாய்ந்ததும் அதில் இறால், புழு, வெட்டிய மீன் எல்லாவற்றையும் கலந்து போட்டார். முதல் நாள் விருந்தாளிகள் இருவரும் தட்டைத் துடைத்தார்கள். பழைய மீன் பார்த்துக்கொண்டிருந்தது. ஹாஜியாரின் கை ஈரலுக்குப் போனது. கைருன்னிஸா ஈரல் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் பழைய மீன் கல்லுக்கடியிலிருந்து தலையை நீட்டியது. ஒரு துண்டு இறால் மிச்சம். ஒல்லி மீனொன்று அதை நோக்கி நெளிந்தது. அவ்வளவுதான்; தேர்வடம் ஒரே பாய்ச்சலில் வந்து அந்த இறாலைக் கவ்வியது!

“தின்னுது புள்ள! தின்னுது!” ஹாஜியாரின் கண் கலங்கியதைக் கைருன்னிஸா பார்த்தாள். பார்த்தவள் யோசித்தாள்.

பிறகென்ன, சந்தியில் ஆணி வாங்க வந்தவர்களெல்லாம் சஹன் முறையைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். மீன் மெலிந்து, கல்லில் சாயாமல் மேலே வந்து காற்றுக் குடித்தது. “பழக்கம்தான் எல்லாம். மங்கல் வெளிச்சம் வேணும், பக்கத்துல ஆள் வேணும், எளகக் கூடாது” என்று ஹாஜியார் மேசையில் தட்டித் தட்டிச் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை மஃரிபு தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தால், நிலத்தில் பாய் விரித்திருந்தது. நடுவில் சஹன். சுற்றி றம்ஸீனும் அவருடைய தம்பிமார் இருவரும். வீட்டுக்காரர் உட்காராமல் விருந்தாளிகள் கை வைப்பார்களா? ஹாஜியார் உட்கார்ந்தார். சிவப்பரிசிச் சோறு. அதன்மேல் பாகற்காய், வல்லாரைச் சம்பல், பருப்பு, மீன். மாட்டிறைச்சியைத் தேடினார். எல்லாப் பக்கமும் தேடினார். சட்டென்று லைட் அணைந்து, ஜன்னல் வழியே அந்தி மங்கல் மட்டும் மிஞ்சியது.

“கரண்ட் போச்சா?”

“இல்ல, நான்தான் நிப்பாட்டின” என்றாள் கைருன்னிஸா, குசினித் திரைக்கு அப்பாலிருந்து. “மங்கல் வெளிச்சத்துலதானே தின்னும்?”

தம்பிமார் இருமினார்கள். றம்ஸீன் மட்டும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, “எடுங்க மச்சான், எடுங்க” என்றார்.

ஹாஜியார் சோற்றால் அணை கட்டப் பார்த்தார். சஹனில் அணை நிற்காது. நாலு பக்கமும் கை. இந்தப் பக்கம் சோறு குறைகிறது, அந்தப் பக்கம் மீன் போகிறது, வயிறு கேட்கிறது, எழும்பினால் மைத்துனர்மார் எம்பிலிப்பிட்டிய வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு வாய் வைத்தார். முகத்தைச் சுளித்தார். இன்னொரு வாய். தொட்டியில் பழைய மீன் மேலே வந்து காற்றை ஒரு மிடறு குடித்துவிட்டு இறங்கியது. கடைசியில் ஒரேயொரு பாகற்காய்த் துண்டு மிஞ்சியது. றம்ஸீனின் கை மெதுவாக அதை நோக்கி நகர்ந்தது.

ஹாஜியாரின் கை முந்திக்கொண்டது.

“தின்னுது!” என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

ஊட்டாளிகளை இனி எளிதாக அடையாளம் கண்டுகொள்வீர்கள். உங்கள் பெரியப்பா ஞாபகத்துக்கு வந்திருப்பார். பக்கத்து வீட்டு அக்காவும் வந்திருப்பார். சாப்பாட்டு மேசையில் வைத்து இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டினால் திருந்துவார்கள் என்றுகூட நினைத்திருப்பீர்கள். தாராளமாக வாசியுங்கள். அதற்கு முன், ஒரு நிமிடம் உங்கள் தட்டைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள். ஓரத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறீர்களே, அது என்ன?

கறிவேப்பிலை மட்டும்தானா?