எட்டுப் பொத்தானில் இல்லாத செய்தி

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அலுவலகத்தில் நானும் நான் இயக்கும் கருவியும் நலம். அம்மாவின் நலம் பற்றித்தான் இந்தக் கடிதம். கம்பியில்லாக் கருவி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று முகம் சுளிக்காதீர்கள். உங்கள் முகாமுக்குச் சாமான் ஏற்றிவரும் ஜீப்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நிலச்சரிவு அளக்கும் உங்கள் குழுவுக்கென்று அலுவலகம் வாங்கிய இந்தக் கருவியை யாராலும் ஒட்டுக்கேட்க முடியாதாம். மின்சாரத்தை மிச்சம்பிடிக்க எந்நேரமும் தூங்குகிறது, மணிக்கொரு முறை விழிக்கிறது, எட்டுப் பொத்தான்களில் உள்ள எட்டுச் செய்திகளைத் தவிர வேறெதுவும் சொல்லாது. "எட்டா? உங்கப்பாவுக்கு அது அதிகம்டி. வீட்ல ரெண்டை வெச்சே இத்தனை வருஷம் ஓட்டிட்டார்" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டுப் பெட்டி கட்டத் தொடங்கினாள். நாளை மாலைப் பேருந்தில் பெரியம்மா வீட்டுக்குப் போகிறாள், திரும்பி வருவதாக இல்லை. நீங்கள் மலையில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதானாம். இதைச் சொல்ல எந்தப் பொத்தானை அழுத்துவது? யோசித்து யோசித்து 'ஒருவரைக் காணவில்லை' என்பதை அழுத்தினேன். நீங்கள் ஆட்களை எண்ணி, மறுபடி எண்ணி, சமையல்காரரைப் பாறை பாறையாகத் தேடி, கடைசியில் அவர் கூடாரத்துக்குள் குறட்டை விடுவதைக் கண்டுபிடித்ததாக ஜீப்காரர் சொன்னார். 'அனைவரும் நலம்' என்று உங்கள் பதில் வந்தது. வீட்டுக்குக் குறித்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன். "அவர் கணக்குல நான் இல்ல, பாத்தியா" என்றாள். மனம் கேட்காமல் 'நிலைமை மோசம்' அழுத்தினேன். 'இருக்கும் இடத்திலேயே இருக்கவும்' என்றீர்கள். "அதைத்தானே இத்தனை வருஷமா செஞ்சேன்" என்று புடவைகளை மடிக்கப் போய்விட்டாள்.

ஆகவே அப்பா, இந்தக் காகிதத்தின் பின்பக்கம் ஏதாவது எழுதி ஜீப்காரரிடமே கொடுங்கள். 'போகாதே' என்றால்கூடப் போதும். அதற்குப் பொத்தான் இல்லை.

குழுவினர் எல்லோருக்கும் என் அன்பு. ஈரப்பாறையில் பார்த்து நடங்கள். கருவியைப் போலவே நீங்களும் நனையாமல் இருங்கள்.

உங்கள் மகள்

பி.கு (மறுநாள்): மேலே எழுதியதெல்லாம் வீண். வீட்டுச் சாவியைக் கொடுக்கப் பெட்டியோடு அலுவலகத்துக்கு வந்த அம்மா கடிதத்தைப் படித்துவிட்டு, நான் தடுப்பதற்குள் 'உடனடி உதவி தேவை' பொத்தானை அழுத்திவிட்டாள். "பொய்ச் செய்திம்மா, என் வேலை போயிடும்" என்றேன். "பொய்யா?" என்றாள். அடுத்த விழிப்பிலேயே 'புறப்பட்டுவிட்டோம்' என்று வந்தது. கயிறும் ஸ்ட்ரெச்சருமாக வந்து சேர்வீர்கள். யாரைத் தூக்க வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். அம்மா பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் பூட்டவில்லை.